கெட் எப்போது வருவான்?

தீவுவாசி: முதல் எர்த்ஸீ நாவலின் நாயகனான மந்திரவாதி கெட்டுக்காகத்தான் உர்சுலா லெ குவினின் இரண்டாவது எர்த்ஸீ நாவலான ‘தி டூம்ப்ஸ் ஆஃப் அதுவான்’ புத்தகத்தைத் திறந்தேன். அத்தியாயங்கள் ஓடுகின்றன, ஆளைக் காணோம். பாலைவனக் கோயில், பூசாரிணிகள், ஐந்து வயதில் வீட்டைவிட்டுக் கொண்டுவரப்பட்ட டெனார். கோபமே வந்தது. அப்புறம் அந்த இடம்! கல்லறைகளுக்குக் கீழே வெளிச்சமே கூடாது. சுவரைத் தடவித் தடவி நடந்து பழகியவளுக்கு ஒரு நாள் அங்கே ஒளி தெரிகிறது. குகை முழுக்கப் படிகங்கள் மின்னுகின்றன. கையில் கோலோடு கெட். நமக்கு நாயகன், அவளுக்குத் திருடன். அந்தப் பக்கத்தில் நானும் அவனைத் திருடனாகத்தான் பார்த்தேன். இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

மழைக்காலம்: எனக்கு மறக்காதது தண்ணீர்தான். மூன்று கைதிகளைப் பசியிலும் தாகத்திலும் சாகவிடச் சொன்னவள் டெனார். அதே பெண், கல்லறைகளுக்குக் கீழே புதிர்வழிக்குள் அடைத்துவைத்த கெட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறாள். இரக்கமா, ஆர்வமா? எனக்கு இப்போதும் பிடிபடவில்லை.

வடக்குத்தெரு: தீவுவாசி, கோபம் எதற்கு? கெட் தேடி வரும் உடைந்த வளையத்தின் ஒரு பாதியை, மணல்திட்டில் வாழ்ந்த கிழவி முதல் நாவலிலேயே கெட்டிடம் கொடுத்துவிட்டாள். மறுபாதி இந்தக் கல்லறைக்குள் இருக்கிறது. கதை அறுபடவே இல்லை. கெட்டின் பக்கமிருந்து சொல்லியிருந்தால் இது புதையல் வேட்டையாகச் சுருங்கியிருக்கும். அவள் எதையெல்லாம் விட்டு வெளியே வருகிறாள் என்பது நமக்குத் தெரிந்திருக்காது.

பழுப்புத்தாள்: மானன் பள்ளத்தில் விழுந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். டெனாரை வளர்த்தவன் அவன். கெட்டைக் கொல்லப் பாய்ந்தான்தான், ஆனாலும் தாங்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெளிவந்த வரிசையிலேயே கொடுங்கள்: 1968இல் வந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ’, 1971இல் இது, 1972இல் ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’. அதிலும் பார்வை அரென் என்ற இளவரசனுக்கு மாறிவிடும், ஆகவே இங்கேயே பழகிக்கொள்வது நல்லது. 1990இல் வந்த ‘டெஹானு’வை மட்டும் உடனே நீட்டாதீர்கள். டெனார் அதில் நடுவயது விதவை, கெட்டிடம் மந்திரசக்தி இல்லை, ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமை கதையின் நடுவில் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்கு அது பாரம். அப்புறம், கெட் எப்போது வருவான் என்று கேட்டால் சொல்லாதீர்கள். காத்திருக்கட்டும்.

தீவுவாசி: வடக்குத்தெரு, வளையம் எனக்கும் நினைவிருந்தது. கோபம் வந்ததால்தான் அந்த ஒளி அப்படி அடித்தது என்கிறேன்.