29 டிகிரியிலும் விழாத பழ ஈக்கள்: கன்னி ஈ பிரிப்பதில் உதவி தேவை

வணக்கம். வேலூரில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்கு வைத்திருப்பது பாரா டி.எஸ்.1 பழ ஈக்கள். பாரா என்பது நரம்பின் சோடியம் சேனலுக்கான ஜீன். டி.எஸ். என்றால் சூட்டில் மட்டும் கோளாறு காட்டும் மாற்றம். 1971-இல் கண்டறிந்த இந்த வகை, 29 டிகிரியில் வைத்ததும் கால் மடங்கிச் சாய வேண்டும், ஆறியதும் எழுந்து நடக்க வேண்டும். மார்ச் வரை அப்படித்தான் விழுந்தன.

ஏப்ரல் கடைசியிலிருந்து சிக்கல். போன வாரம் குழாயை 29 டிகிரி நீரில் இரண்டு நிமிடம் வைத்தேன். 40 ஆண்களில் 9 ஜம்மென்று கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன. இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான்; விழாத ஆணிடம் இருப்பது மாறாத ஜீன். அதனால் மாம்பழ சீசனில் வெளியிலிருந்து சாதாரணக் காட்டு ஈ ஏதோ புகுந்துவிட்டது என்றே நினைக்கிறேன். இரண்டுக்கும் கண் சிவப்பு, பார்த்துப் பிரிக்க வழியில்லை.

தெர்மாமீட்டரை மாற்றினேன். சோளமாவு, வெல்லம், ஈஸ்ட் போட்டுப் புது உணவும் காய்ச்சினேன். பலனில்லை. அப்புறம் விழுந்த ஆணையும், விழுந்த கன்னிப் (இன்னும் ஆணோடு கூடாத) பெண்ணையும் தனித்தனி ஜோடியாக 6 குழாயில் விட்டேன். நான்கில் மறுபடி விழாத ஈக்கள்! பெண்கள் முன்பே கூடியிருக்க வேண்டும். கூட்டிலிருந்து வந்த 8 மணி நேரத்துக்குள் என்று 25 டிகிரிக்குச் சொல்லும் கணக்கில்தான் பிரித்தேன். ஆனால் கரண்ட் போனால் எங்கள் அறை 33-ஐத் தொடும், இன்குபேட்டரும் கிடையாது.

இந்தச் சூட்டில், கூட்டிலிருந்து வெளிவந்த எத்தனை மணி நேரத்துக்குள் பெண் ஈயைப் பிரித்தால் கன்னி என்று நம்பலாம்?