ரூட் கெனால் முதல் சிட்டிங் முடிந்தது: சாப்பாடு, பல் துலக்கல் எப்படி?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறார். கீழ்த்தாடை வலப்பக்கம் முதல் கடைவாய்ப்பல்லில் இன்று காலை ரூட் கெனால் முதல் சிட்டிங் முடிந்தது. உள்ளே மருந்து வைத்து மேலே தற்காலிகமாக அடைத்திருக்கிறார்கள். அடுத்த சிட்டிங் 10 நாள் கழித்து. உதடு இன்னும் மரத்தேதான் இருக்கிறது. மதிய மாத்திரைக்கு என்ன கொடுப்பது? 10 நாளும் கஞ்சிதானா? அந்தப் பல்லில் பிரஷ் படலாமா? ஸ்ட்ரா வைத்துக் குடிக்காதே, கொப்பளிக்காதே, ஐஸ்கிரீம் சாப்பிடு, கிராம்புத் தைலம் வை என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைக் கேட்பது?

பல்லாண்டு:
ஸ்ட்ரா, கொப்பளிப்பு, ஐஸ்கிரீம் மூன்றும் பல் பிடுங்கியவர்களுக்குச் சொல்வது. பிடுங்கிய குழியில் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும், உறிஞ்சினால் பெயர்ந்துவிடும். இங்கே குழியே கிடையாது. அந்தப் பேச்சையெல்லாம் விட்டுவிடுங்கள்.

கீழ்த்தாடைக்குப் போடும் ஊசியில் பல்லின் மரப்பு முதலில் போய்விடும். உதடும் நாக்கும் தெளிய 3 முதல் 5 மணி நேரம் ஆகும். அதற்குள் மென்றால் கன்னத்தையோ உதட்டையோ கடித்துக்கொண்டது தெரியாது, சாயங்காலம் புண்ணாக நிற்கும். சூடான காபியும் இப்போது வேண்டாம். உதட்டின் இரண்டு பக்கத்தையும் விரலால் தொட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி உணர்வு வந்த பிறகு மென்று சாப்பிடலாம்.

இனி முக்கியமான விஷயம். தற்காலிக அடைப்பாகப் பெரும்பாலும் வைக்கும் பசை எச்சில் ஈரத்தில்தான் இறுகும். முதல் ஒரு மணி நேரம் அதன்மேல் எதுவும் அழுந்தக் கூடாது. இறுகின பிறகும் அது நிரந்தர அடைப்பு அளவுக்குக் கெட்டி இல்லை. அதைவிடக் கவலை, பல்லின் நடுவைக் குடைந்திருப்பதால் சுற்றுச்சுவர் மட்டும் நிற்கிறது. ஒரு முழு மிளகோ சோற்றில் கிடக்கும் கல்லோ இரண்டு முனைக்கு நடுவே மாட்டினால் ஆப்பு அடித்தமாதிரி பிளந்துவிடும். பிளவு வேர்வரை இறங்கினால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கேப் (பல்லின்மேல் மாட்டும் உறை) போடும்வரை இடப்பக்கமே மெல்லட்டும்.

மேற்பரப்பு லேசாகத் தேய்வது சகஜம். நாக்கில் குழி தட்டுப்பட்டாலோ, வாயில் மருந்து வாடை வந்துகொண்டே இருந்தாலோ அடைப்பு கசிகிறது என்று அர்த்தம். ஓரிரு நாளுக்குள் போய் மாற்றி அடைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பஞ்சு, கிராம்பு எதையும் திணிக்க வேண்டாம்.

இஞ்சிமரப்பா:
10 நாள் கஞ்சி சர்க்கரைக்காரருக்கு நல்லதல்ல. குழைந்த அரிசிக் கஞ்சி சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடும். இன்று மதியம் மட்டும் ஆறின கேழ்வரகுக் கூழில் தயிர் கலந்து, மரக்காத பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கட்டும். ராத்திரி முதல் இட்லி சாம்பார், இடியாப்பம், கீரை மசியல், பொடிமாஸ் முட்டை, தயிர்சாதம் எல்லாம் ஆகும். சுண்டல் வேண்டுமென்றால் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட வைத்து மசித்துவிடுங்கள். வெண்பொங்கலுக்கு மிளகைப் பொடித்துப் போடுங்கள். முருங்கைக்காயைக் கடித்து இழுக்காமல் ஸ்பூனால் சதையை வழித்துக் கொடுங்கள். சப்பாத்தி குருமாவில் ஊறட்டும்.

முறுக்கு, சீடை, வறுகடலை, பாக்கு, எலும்பு கூடவே கூடாது. அல்வா, கடலை உருண்டை மாதிரி ஒட்டுகிறவை அடைப்பைப் பெயர்த்துக்கொண்டு வரும். அவருக்கு இனிப்பு எப்படியும் வேண்டாமே!

மருந்துக்கடை_மாடி:
மாத்திரை அட்டையைப் புரட்டிப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போவதால் சர்க்கரை பெரிதாக இறங்காது. உணவோடு சேர்த்தே போடலாம். கிளிமிபிரைடு கலந்திருந்தாலோ இன்சுலின் என்றாலோ, சாப்பாடு உள்ளே போவது உறுதியான பிறகுதான்.

வலி மாத்திரையில் ஒரு கவனம். எழுதிக் கொடுத்தது அசெக்ளோஃபினாக் + பாராசிட்டமால் என்றால், அதன்மேல் 650 மி.கி. பாராசிட்டமாலையும் வீட்டில் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். ஒரே மருந்து இரட்டிப்பாகிவிடும். சிறுநீரகக் கோளாறோ அல்சரோ இருந்தால் அசெக்ளோஃபினாக், இபுபுரூஃபன் வகை வேண்டாம் என்று டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை என்றால் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

பல்லாண்டு:
கிராம்புத் தைலத்துக்கு வேலையில்லை. இப்போது வரும் வலி வேர்முனையைச் சுற்றின எலும்பில். மேலே தடவும் தைலம் அங்கே எட்டாது, ஈறுதான் வெந்துபோகும். முதல் இரண்டு நாள் கடித்தால் வலிக்கும், பிறகு படிப்படியாகக் குறையும். வாயை மூடும்போது அந்தப் பல் மட்டும் முதலில் முட்டினால் அடைப்பு உயரமாக இருக்கிறது. முட்டும் இடத்தைக் காட்டும் நீலத்தாளைக் கடிக்க வைத்து, டாக்டர் அதைத் தேய்த்துவிட இரண்டு நிமிடம். 10 நாள் காத்திருக்க வேண்டாம். கன்னமோ கழுத்தோ வீங்கினால், காய்ச்சல் வந்தால், விழுங்கச் சிரமமானால் அன்றைக்கே போங்கள்.

துலக்குவதை இன்று ராத்திரியே ஆரம்பிக்கலாம். மென்மையான பிரஷ், ஃபுளோரைடு பேஸ்ட். அந்தப் பல்லையும் சேர்த்து, ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்து மெதுவாகத் தேய்க்கணும். விட்டுவைத்தால் அழுக்கு சேர்ந்து ஈறு வீங்கும், அதையும் ரூட் கெனால் வலி என்று நினைத்துக்கொள்வோம். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு, சாப்பாட்டுக்குப் பின் கொப்பளித்தால் போதும். ஃப்ளாஸ் (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) செய்தால் மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற கொப்பளிக்கும் மருந்து எழுதியிருந்தால் பேஸ்டுக்கும் அதற்கும் அரை மணி நேர இடைவெளி விடுங்கள். பேஸ்டின் நுரை அதன் வேலையைக் கெடுக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல்லில் பழுப்புக்கறை ஏறும், டீ குடிப்பவர்களுக்குச் சீக்கிரம்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. அட்டையில் மெட்ஃபார்மின் மட்டும்தான். இரண்டாவது சிட்டிங்கோடு வலி போய்விட்டால், கேப்பை இரண்டு மூன்று மாதம் தள்ளலாமா? செலவுக்காகக் கேட்கிறேன்.

பல்லாண்டு:
கடைவாய்ப்பல்லுக்கு வேண்டாம். நரம்பை எடுத்தாயிற்று, அந்தப் பல்லில் சொத்தை விழுந்தாலும் கூச்சமோ வலியோ வந்து எச்சரிக்காது. முடிந்தவரை ஒரு மாதத்துக்குள் கேப் போடுங்கள். பணம்தான் தடை என்றால் செராமிக் கேட்காமல் உலோகக் கேப் கேளுங்கள். விலை குறைவு, பல்லையும் குறைவாகத்தான் செதுக்குவார்கள், பின்பல்லில் யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. அதற்கும் தாமதமாகும் என்றால், தற்காலிக அடைப்போடு விடாமல் நிரந்தர அடைப்பாவது வைத்து, கடிக்கும் முனைகளைக் கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லுங்கள்.