தென்னையில் சுருள் வெள்ளை ஈ: ஒட்டுண்ணிக் குளவியை எப்போது விடலாம்?

பொள்ளாச்சி–பாலக்காடு சாலையில் கோபாலபுரத்தை ஒட்டி எங்கள் தோப்பு. அப்பா நட்ட 60 நெட்டை × குட்டை கலப்பினத் தென்னை மரங்கள், வயது 9. மார்ச் முதல் சுருள் வெள்ளை ஈ. ஓலைக்கு அடியில் வெள்ளைச் சுருள்கள், மேலே கரும்பூசணம். மரத்தடி வாழை, கொய்யா, அம்மாவின் செம்பருத்தி வரை கறுத்துவிட்டன. நிழலில் கட்டிலைப் போட்டால் பிசுபிசுவென்று சொட்டுகிறது. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் தோப்புப் பக்கமே போவதில்லை.

மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டினோம். லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயை, சோப்புக் கரைசல் சேர்த்து, இரண்டு முறை தெளித்தோம். மைதாக் கஞ்சி அடித்ததில் பூசணம் மட்டும் உரிந்தது, ஈ போகவில்லை.

ஏப்ரலில் செய்ததுதான் பெரும் தவறு. கடைக்காரர் சொன்னார் என்று 15 மரங்களுக்கு இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி அடித்தோம். பத்து நாள் அடங்கிய ஈ, முன்பைவிட அதிகமாகத் திரும்பிவிட்டது. அதுவரை ஓலைகளில் ஈயின் கறுத்த கூட்டுப்புழுக்கள், அதாவது ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி முட்டையிட்டவை, நிறைய இருந்தன. இப்போது தேடினாலும் கிடைக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் என்கார்சியா உள்ள ஓலைத் துண்டுகள் தருகிறேன் என்கிறார். மருந்தடித்து 25 நாள் ஆகிறது. அந்த 15 மரங்களில் இப்போதே கட்டலாமா, இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும்?