வெண்பூசணிப் பிஞ்சு நிக்க மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வணக்கம் உறவுகளே. தேவிபட்டினம் பக்கம், கடலுக்குக் கிட்டத்துல வீடு. கொல்லையில கோ 2 ரக வெண்பூசணி போட்டிருக்கேன். மணல் தரைங்கறதால குழியில மக்கின ஆட்டு எரு நிறையப் போட்டேன். கொடி வேலி வரைக்கும் செழிப்பா ஓடிருச்சு. ஆனா பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் மஞ்சளாகி விழுந்துருது. பார்க்கவே மனசு கேக்கல.

ஆண் பூதான் அதிகம். பெண் பூ விரிஞ்ச அன்னிக்குக் காலையிலயே ஆண் பூவைப் பறிச்சு மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறேன். அதுல சிலது நிக்குது, அதனால தேனீ குறைவும் ஒரு காரணம்னு நினைக்கிறேன். உதிர்ந்ததை அறுத்துப் பார்த்தா சிலதுல புழு இருக்கு, பழ ஈ வேலைதான். மீதி சுத்தமா இருக்கே, அது ஏன்?

எனக்குப் பெரிய சந்தேகம் தண்ணி மேலதான். கிணறு உவர்ப்பு, இலை ஓரமும் கருகுது. மழைத்தண்ணி பிடிச்சு வச்சது கொஞ்சம் இருக்கு. அதைப் பூக்கிற சமயத்துக்கு மட்டும் ஒதுக்கினா போதுமா? பனையோலை மூடாக்கு உப்பேறுறதைக் குறைக்குமா? பெண் பூ அதிகமா வர எத்ரல்ங்கற பயிர் வளர்ச்சி மருந்தைத் தெளிக்கணும்னா நாலு இலைப் பருவத்துக்குள்ள ஆரம்பிக்கணுமாமே, இப்ப அடிச்சு பிரயோசனம் உண்டா?

தொண்டி, மண்டபம், ஏர்வாடிப் பக்கம் உவர்த்தண்ணியில காய் எடுத்த அண்ணன், அக்கா யாராச்சும் இருந்தா சொல்லுங்க. படம் கீழே போட்டிருக்கேன்.