பரவனாற்றுக்கு வரும் சுரங்க நீர்: மனுவில் எதைக் கேட்க வேண்டும்?

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணன் சென்ற வாரம் சுற்றுக்கு விட்ட மனு வரைவை இரண்டு முறை படித்தேன். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வரும் நீரால் கடலூர் மாவட்டத்தின் பரவனாறும் அதையொட்டிய ஏரிகளும் மாசுபடாமல் தடுக்க வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு மறுப்பில்லை, கையெழுத்தும் இடுவேன். ஆனால் இதே வாசகத்தில் அனுப்பினால், 'வெளியேற்றப்படும் நீர் நிர்ணயிக்கப்பட்ட தரத்துக்கு உட்பட்டே உள்ளது' என்ற ஒற்றை வரிப் பதிலோடு கோப்பு மூடப்பட்டுவிடும். அந்தப் பதில் உண்மையாகவே இருக்கக்கூடும் என்பதுதான் இங்குள்ள சிக்கல். பதினைந்து ஆண்டுகளாக மஸ்கட்டில் கழிவுநீர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் அதைக் கொஞ்சம் விளக்குகிறேன்.

நெய்வேலியில் சுரங்க நீர் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இரண்டு வகை நீர். பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஆர்ட்டீசியன் ஊற்று ஒன்று. அதன் மேல்நோக்கிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ என்பதால், இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். (1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு பழுப்புப் பொருள் வந்ததிலிருந்துதான் நெய்வேலியின் கதையே தொடங்குகிறது என்பதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.) அந்த நீர் பெரும்பாலும் தெளிவானது, அதில் ஒரு பகுதி சென்னைக்குக் குடிநீராகவும் போகிறது. மற்றது, மழைக்காலத்தில் சுரங்கக் குழியிலும் மண்மேடுகளிலும் வழிந்து, களிமண்ணையும் மணலையும் இயந்திர எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு வரும் கலங்கல் நீர். இவ்விரண்டும் கலந்தபின் ஒரே வாய்க்காலில் மாதிரி எடுத்தால், நல்ல நீர் கெட்ட நீரை நீர்த்துப்போகச் செய்துவிடும். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள் 1986இன் ஆறாம் அட்டவணைப்படி, உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீரில் கரையாமல் கலந்து வரும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரையிலும், எண்ணெயும் மசகும் 10 மில்லிகிராம் வரையிலும், பாதரசம் 0.01 மில்லிகிராம் வரையிலும் இருக்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் பாதரசத்தின் வரம்பு 0.001 மில்லிகிராம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும். இவை யாவும் செறிவின் வரம்புகள். நாளொன்றுக்கு மொத்தம் எவ்வளவு விடலாம் என்பதை இவை சொல்வதில்லை. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: நாளொன்றுக்கு ஒரு லட்சம் கன மீட்டர் நீர், லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்ற அனுமதிக்கப்பட்ட வரம்பிலேயே வந்தாலும், அதனுடன் 10 டன் வண்டல் வருகிறது. விதி மீறப்படவில்லை, ஏரி மட்டும் தூர்ந்துபோகிறது. வாலாஜா ஏரியும் பெருமாள் ஏரியும் ஏன் மேடாகின என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

ஆகவே மனுவில் முதலில் கேட்க வேண்டியது ஓட்ட அளவு. ஒவ்வொரு வெளியேற்ற வாயிலிலும் ஓட்டமானி இருக்கிறதா, அதன் நாள்வாரிப் பதிவு யாரிடம் இருக்கிறது என்று கேட்போம். அடுத்தது, மாதிரி எடுக்கும் இடம்: ஊற்று நீருடன் கலப்பதற்கு முன்பு, வண்டல் தெளியும் குட்டையின் வெளிவாயிலிலேயே எடுக்க வேண்டும், கூடவே, ஆற்றில் கலக்கும் இடத்துக்கு மேலும் கீழும் எடுக்க வேண்டும். மூன்றாவது காலம். கோடையில் எடுத்த மாதிரியை ஆண்டு முழுமைக்குமான சான்றாக ஏற்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டையில் நீர் தங்கும் நேரம் குறைந்து, வண்டல் படியாமலே வெளியேறும் நாள்களில்தான் சோதனை வேண்டும்.

2023 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைப்புகளான பூவுலகின் நண்பர்களும் மந்தன் அத்யயன் கேந்திராவும் வெளியிட்ட ஆய்வில் பாதரசம் பேசப்பட்டதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. பாதரசத்தைத் தேடும்போது சுரங்க வாய்க்காலை மட்டும் பார்த்தால் போதாது. நிலக்கரியை எரிக்கும் அனல் மின் நிலையத்தின் சாம்பல் குட்டையையும் பார்க்க வேண்டும். வரைவில் இரண்டும் ஒரே பத்தியில் கலந்துகிடக்கின்றன. தயவுசெய்து பிரித்து எழுதுங்கள்.

ஊரில் உள்ள தம்பிகள் தண்ணீர் பாட்டிலில் மாதிரி பிடித்துத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பலாம் என்று சொல்கிறார்கள். நாம் தெரிந்துகொள்வதற்கு அது உதவும், வழக்குக்கு உதவாது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் அந்த இடத்திலேயே அறிவிப்புக் கொடுத்து எடுத்து, இரண்டு பாகமாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையொப்பமிட்ட மாதிரியின் முடிவே நீதிமன்றத்தில் சான்றாக நிற்கும். அதுவுமில்லாமல், பாதரசத்துக்கான மாதிரியை எடுத்தவுடன் அமிலம் சேர்த்துப் பதப்படுத்தாவிட்டால், அது பாட்டிலின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு முடிவு குறைவாக வரும்.

வெளிநாட்டில் இருக்கும் நாம் செய்யக்கூடியது ஆவணம் திரட்டுவது. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டங்கள் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் அனுமதி நிபந்தனைகளைப் பின்பற்றியது குறித்த அரையாண்டு இணக்க அறிக்கை தர வேண்டும். செப்டம்பர் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சுற்றுச்சூழல் அறிக்கையும் தர வேண்டும். இவற்றையும், கழிவுநீரை வெளியேற்ற வாரியம் தரும் இசைவாணையையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சுரங்கங்களை நடத்தும் என்.எல்.சி. நிறுவனம் மத்தியப் பொதுத்துறையைச் சேர்ந்தது என்பதால் அதற்கு மத்திய அரசின் இணையதளத்திலும், வாரியத்துக்குத் தனியாக மாநில அளவிலும் மனு போட வேண்டும். அச்சட்டம் இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பதால், வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்ற கனடா, ஆஸ்திரேலியா உறவுகள் தங்கள் பெயரில் போட்டுச் சங்கடப்பட வேண்டாம். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் போடலாம். ஓட்டப் பதிவு, இசைவாணை, கடந்த மூன்று ஆண்டு இணக்க அறிக்கைகள் ஆகிய மூன்றுக்கும் கேள்விகளைத் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமைக்குள் திருத்தம் சொன்னால் சனிக்கிழமையே என் பெயரில் பதிவுசெய்துவிடுகிறேன்.

அன்புடன்,
மஸ்கட்டிலிருந்து உங்கள் தம்பி