ஜாபிக்ஸ் ஏஜென்டுக்கு மட்டும் அனுமதி மறுப்பு: எஸ்.இ.லினக்ஸை அணைக்காமல் தீர்க்க வழி வேண்டும்

வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கின் சர்வரைப் பராமரித்து வருகிறேன். அறைகளின் வெப்பநிலையை ஒரு ஸ்கிரிப்ட் லாக் கோப்பில் எழுத, ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் ஏஜென்ட் அதைப் படித்து, வெப்பம் ஏறினால் எங்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். பழைய சர்வரை மாற்றி ராக்கி லினக்ஸ் 9 இயங்குதளத்தில் ஜாபிக்ஸ் 6.0 நிறுவியதிலிருந்து, ஆறு நாட்களாக, அந்தக் கோப்புக்கு 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற பிழையே வருகிறது.

கோப்பின் உரிமையை 640 ஆக்கி, ஜாபிக்ஸ் பயனரை உரிய குழுவில் சேர்த்து, ஏஜென்டை மறுபடி தொடங்கியும் பயனில்லை. ஆனால் டெர்மினலில் அதே பயனராகத் திறந்தால் கோப்பு தடையின்றித் திறக்கிறது. லினக்ஸின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.லினக்ஸை, தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் பெர்மிஸிவ் நிலைக்கு மாற்றியவுடன் தரவு வருகிறது, விதிகளை அமலாக்கும் என்ஃபோர்சிங் நிலைக்குத் திருப்பினால் நின்றுவிடுகிறது. எனவே தடை அங்கேதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆடிட் பதிவில் இருந்த மறுப்பு வரிகளைக் கொண்டு ஆடிட்2அலவ் கருவி மூலம் அனுமதி விதிகள் கொண்ட மாட்யூல் உருவாக்கி ஏற்றினேன். அதன்பின் பதிவில் புதிய மறுப்பு எதுவும் இல்லை, பிழை மட்டும் நீடிக்கிறது.

படகு உரிமையாளர்களின் கணக்குகளும் இதே சர்வரில் இருப்பதால் பாதுகாப்பைத் தளர்த்த எனக்கு மனமில்லை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து மீன்வரத்து தொடங்குமுன் இது சரியாக வேண்டும்.

பதிவில் தெரியாத இந்த மறுப்பை வெளிக்கொணர்ந்து, அந்த ஒரு கோப்புக்கு மட்டும் ஏஜென்டுக்கு அனுமதி தருவது எப்படி?