நீல நிற பிளேஸ்டேஷன்: சிப் இல்லாமலே எழுதிய சிடி ஓடுவது எப்படி?

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் டிவி, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் சிறிய கடை வைத்திருக்கிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், பழைய டிவிடி பிளேயர்களுக்கு நடுவே கிடந்த சோனியின் முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் கேம் கன்சோல் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பிரான்சுக்கே குடிபோய்விட்ட ஒரு சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றியவர்) குடும்பத்தின் வீட்டைக் காலி செய்தபோது வந்த பொருள் என்று விற்றவர் சொன்னார். வழக்கமான சாம்பல் நிறத்துக்கு மாறாக இது முழுவதும் நீல நிறத்தில் இருக்கிறது. எஸ்சிபிஎச் என்று தொடங்க வேண்டிய மாடல் எண், டிடிஎல்-எச்1002 என்று அச்சாகியிருக்கிறது.

என்னைக் குழப்புவது வேறொன்று. ஒரு காலத்தில் இந்தக் கன்சோல்களில், கணினியில் எழுதிய நகல் சிடியையும் ஓடவைக்கும் சிப்பைப் பற்றவைத்துக் கொடுத்தவன் நான். சிப் இல்லாத இயந்திரத்தில் எழுதிய சிடி ஓடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இதிலோ எழுதிய சிடி தடையின்றி ஓடுகிறது. திறந்து, பலகையின் இரு பக்கமும் பார்த்துவிட்டேன். பிறர் கை பட்ட பற்றவைப்பு எதுவுமே இல்லை. இது கேம் உருவாக்குபவர்களுக்கான டெவ்கிட் என்றும், தன் நண்பர்களோடு சேர்ந்து செய்துவரும் கேமுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்றும் புதுச்சேரியில் பொறியியல் படிக்கும் என் அக்காள் மகன் சொல்கிறான். அது சரிதானா?

லாஸ்பேட்டை வாசி:

ஐயா, பெங்களூரில் ஒரு கேம் நிறுவனத்தில் சில ஆண்டுகள் சோதனையாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது டெவ்கிட் அன்று. டீபக்கிங் ஸ்டேஷன் எனப்படும் சோதனைக் கருவி.

சிப் வைத்தவர் என்பதால் பாதி உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆலையில் அச்சிட்ட பிளேஸ்டேஷன் சிடியின் தொடக்கப் பகுதியில் தடம் மிக நுண்ணிய அளவில் நெளிந்து செல்லும். அந்த நெளிவுக்குள் ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ என்று நான்கெழுத்துக் குறி ஒளிந்திருக்கும். எழுதும் சிடியில் தடம் முன்பே அமைந்துவிடுவதால், எந்த ரைட்டராலும் அந்த நெளிவைப் படியெடுக்க முடியாது. நீங்கள் வைத்த சிப், அதே நான்கெழுத்தைப் போலியாக ஊட்டி இயந்திரத்தை நம்பவைத்தது. உங்கள் நீலப் பெட்டியோ அந்தக் குறியைக் கேட்பதே இல்லை. ஒவ்வொரு நாளும் மாறும் கேமை சிடியில் எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டியவர்களுக்கும், வெளியீட்டுக்கு முன்பே மதிப்புரை எழுத வேண்டிய பத்திரிகைகளுக்கும் கொடுக்கப்பட்டது என்பதால் அந்தப் பூட்டே போடப்படவில்லை. எந்த நாட்டுச் சிடியும் அதில் ஓடும்.

மற்றபடி அது கடையில் விற்ற இயந்திரமேதான்; அதே 2 எம்பி நினைவகம்தான். நிரல் எழுதுபவர்களுக்கு அப்போது கிடைத்தது, கணினிக்குள் செருகும் டிடிஎல்-எச்2000 அட்டைகளும், இங்கிலாந்தின் எஸ்என் சிஸ்டம்ஸ் செய்த சைக்யூ என்ற மென்பொருளும். அந்த அட்டைகளில் 8 எம்பி நினைவகம் இருந்தது.

இந்த வேறுபாடு பெரியது. நிரலாளருக்குப் பிழை தேடும் கூடுதல் நிரல்களையும் ஏற்றிவைக்க இடம் வேண்டும். ஆகவே டெவ்கிட்டில் நினைவகம் கூடுதலாக இருக்கும். 2001-இல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸில் 64 எம்பி என்றால் அதன் டெவ்கிட்டில் 128. 2017-இன் எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸில் 12 ஜிபி, டெவ்கிட்டில் 24. சோதனையாளருக்கு அந்தச் சலுகை இருக்கக் கூடாது, ஏனென்றால் வாங்குபவர் வீட்டில் நடக்கப்போவதைத்தான் அவர் பார்க்க வேண்டும். எங்கள் நிறுவனத்தில் நிரலாளர்கள் கேமை டெவ்கிட்டில் மட்டுமே ஓட்டிப் பார்த்துவிட்டு ‘முடிந்தது’ என்று அனுப்பிவிடுவார்கள். டெஸ்ட்கிட் எனப்படும் எங்கள் சோதனைக் கருவியில் மூன்றாம் கட்டத்தின் வாசலிலேயே அது உறைந்து நிற்கும். கருவியில்தான் கோளாறு என்று இரண்டு வாரம் எங்களோடு வாதாடியவர்களும் உண்டு. நினைவகம் நிரம்பி வழிந்தது என்பது பிறகுதான் தெரியவந்தது.

கெடிலக்கரை:

இத்தகைய கருவிகள் கன்சோல் நிறுவனத்தின் சொத்து என்றும், விற்பது ஒப்பந்த மீறல் என்றும் படித்திருக்கிறேன். மஞ்சக்குப்பம் ஐயா இதை வைத்திருப்பதால் தொல்லை ஏதும் வருமா?

லாஸ்பேட்டை வாசி:

இன்றைய கருவிகளுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். அவை ரகசியக் காப்பு ஒப்பந்தத்தின் பேரில் கொடுக்கப்படுகின்றன. பிளேஸ்டேஷன் 4 கருவிகளில் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஆக்டிவேஷன் புதுப்பிக்காவிட்டால் பெட்டி பயனற்றுப் போகும். அப்படி ஒன்று சந்தையில் கிடந்தால் வாங்காமல் நகர்ந்துவிடுவதே நல்லது. 1990-களின் நீலப் பெட்டிகளோ பல ஆண்டுகளாகச் சேகரிப்பாளர்களிடையே வெளிப்படையாகவே கைமாறி வருகின்றன.

முத்தியால்பேட்டை நிரலாளர்:

தம்பியின் கேமைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அது யூனிட்டி, கோடோ போன்ற இன்றைய கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்யப்படுகிறது என்றால் இந்த இயந்திரத்தில் ஓட வழியே இல்லை. ஆனால் பழைய பிளேஸ்டேஷனுக்கென்றே சி மொழியில் சிறிய கேம் எழுத ஆசைப்பட்டால், ஆர்வலர்கள் இலவசமாக வெளியிட்டிருக்கும் கருவித்தொகுப்புகள் உள்ளன. எழுதியதை சிடியில் ஏற்றி இந்த நீலப் பெட்டியில் நேரடியாக ஓட்டலாம். பொதுமக்களுக்கென்று சோனி 1996-இல் ஜப்பானிலும் மறு ஆண்டு மேற்கு நாடுகளிலும் விற்ற கறுப்பு நிற நெட் யாரோஸே கருவியில்கூட அந்த வசதி இல்லை. ஏறத்தாழ 750 டாலர் கொடுத்து வாங்கியவர்கள், கணினியிலிருந்து கேபிள் வழியே நிரலை அனுப்பி, கேம் முழுவதையும் அந்த 2 எம்பிக்குள் அடக்க வேண்டியிருந்தது. அந்த நெருக்கடிக்குள் பழகியவர்கள் பிற்காலத்தில் நல்ல நிரலாளர்களானதில் எனக்கு வியப்பில்லை.

இன்றைய கன்சோலில் தன் கேமை ஓட்டிப் பார்ப்பதுதான் தம்பியின் நோக்கம் என்றால், டெவ்கிட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. கடையில் வாங்கிய எக்ஸ்பாக்ஸையே டெவலப்பர் மோடுக்கு மாற்றும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2016-இல் கொடுத்தது. டெவலப்பராகப் பதிவு செய்துகொண்டால் போதும். கன்சோலின் முழு வலிமையும் அதில் கிடைக்காது என்றாலும் மாணவர்களின் கேமுக்கு அது தாராளம். நிறுவனங்கள் உண்மையான டெவ்கிட்டைப் பெட்டியாக மட்டும் கொடுப்பதில்லை. கேமின் திட்டத்தை ஏற்று, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே கருவியோடு அதற்குரிய மென்பொருளையும் ஆவணங்களையும் தருகின்றன. அவை இல்லாத டெவ்கிட், சாவி இல்லாத இரும்புப் பெட்டி.

மஞ்சக்குப்பம் சர்வீஸ்:

அனைவருக்கும் நன்றி. மருமகனிடம் இதைப் படித்துக் காட்டினேன்; சி மொழி என்றதும் முகம் சற்று வாடியது, ஆனாலும் முயன்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். ஒரே ஒரு சந்தேகம் மிச்சம்: அரை மணி நேரம் ஓடிய பிறகு வீடியோக் காட்சிகள் மட்டும் திக்கித் திக்கி வருகின்றன. லென்ஸைத் துடைத்தும் மாற்றமில்லை.

லாஸ்பேட்டை வாசி:

ஐயா, அது லென்ஸின் குற்றம் இல்லை. அந்தக் காலத்து 1000 வரிசை இயந்திரங்களில் லேசர் நகரும் சட்டம் பிளாஸ்டிக்கால் ஆனது. பவர் சப்ளையின் சூடு பட்டும் உராய்ந்தும் தேய்ந்து, லேசர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். பலர் அப்போது இயந்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து விளையாடியது இதனால்தான். முதலில் கவிழ்த்து வைத்து ஓட்டிப் பாருங்கள். திக்கல் நின்றால் சட்டம்தான் தேய்ந்திருக்கிறது. நீங்கள் முன்பு சிப் வைத்த பழைய சாம்பல் நிறப் பெட்டி ஏதேனும் கடையின் பரணில் கிடந்தால், மாடல் பொருந்துகிறதா என்று பார்த்து, அதிலிருந்து சட்டத்தோடு லேசரைக் கழற்றி இதில் பொருத்திவிடலாம்.